பேரண்டத் தோற்றம்: அறிவியல் வழியும் சமய வழியும்

(தமிழ் மன்றமொன்றின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துவடிவம்)

  

கோடைக்கால இரவொன்றில் களத்துமேட்டில் மல்லாந்து படுத்திருக்கும் சிறுவன், விண்ணை நோக்கியவாறே அருகிருக்கும் தந்தையைக் கேட்கின்றான்: "அப்பா, இவ்வளவு விண்மீன்களும் எப்பொழுது வந்தன? இவை வருமுன் அங்கே என்ன இருந்தது?" மாந்தன் பேசத் தொடங்கிய நாளிலிருந்து எல்லா நிலத்தும் எல்லா மொழியிலும் கேட்கப்பெற்ற வினா இது. தந்தை இரண்டிலொரு விடை கூறுவார். ஒன்று, "கடவுள் படைத்தார், பேசாமல் தூங்கு" என்பது. மற்றொன்று, "அதையெல்லாம் நம் முன்னோர் அன்றே எழுதி வைத்துவிட்டனர்" என்பது. இவ் விரண்டும் விடைகள் அல்ல. வினாவின் வாயை மூடும் கைகள்.

மேடைகளிலும் இதே நிலைதான். "அறிவியல் வந்துவிட்டது, சமயம் செத்துவிட்டது" என்று ஒருவர் முழங்குகின்றார். "அறிவியல் இன்று கண்டதை எங்கள் மறை என்றோ கண்டது" என்று மற்றொருவர் மார்தட்டுகின்றார். முன்னவர் அறிவியல் கூறாததைக் கூறியதாகச் சொல்கின்றார். பின்னவர் மறை கூறாததைக் கூறியதாகச் சொல்கின்றார். இருவருமே உண்மைக்கு உதவினாரல்லர். தமிழ்ப் பற்றாளர் பெரிதும் வழுக்கி விழுவது இவற்றுள் இரண்டாவது பள்ளத்தில்தான் என்பதையும் ஒளியாமல் கூறவேண்டும். ஆதலின், பேரண்டத் தோற்றம் பற்றிச் சமயங்கள் கூறுவன யாவை, அறிவியல் கண்டது யாது, இவ் விரண்டும் நேருக்கு நேர் நின்ற வேளையில் நேர்மையான மாந்தர் ஒருவர் எவ்வாறு நடந்துகொண்டார் என்பவற்றை முறையே காண்பது நன்று.

சமயங்கள் கூறுவன

யூதரும் கிறித்தவரும் போற்றும் மறையின் முதல் ஏடு, கடவுள் ஆறு நாள்களில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்கின்றது. இசுலாமியர் மறையும் ஆறு நாட் படைப்பைக் கூறுகின்றது. அயர்லாந்து நாட்டுப் பேராயர் சேம்சு உசர் என்பார் மறையிலுள்ள தலைமுறைகளைக் கூட்டிக் கணக்கிட்டு, உலகம் கி.மு. 4004-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் படைக்கப்பட்டது என்று 1650-இல் எழுதினார். ஆனால் அவருக்குப் பன்னிரு நூற்றாண்டு முன்பே வாழ்ந்த அகுசுத்தீன், "உலகைப் படைக்குமுன் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்னும் வினாவை எடுத்துக்கொண்டு, காலமே உலகோடு உடன் படைக்கப்பட்டது, ஆகலின் அதற்கு 'முன்' என்பதே இல்லை என்று ஆழ்ந்து எண்ணினார். 13-ஆம் நூற்றாண்டினரான தாமசு அக்குவினாசு, உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பது நம்பிக்கையாற் கொள்ளத்தக்கதே அன்றி அறிவால் மெய்ப்பிக்கத் தக்கதன்று என்றார். ஒரே சமயத்துள்ளேயே ஆண்டு, திங்கள் குறித்தவரும் உளர். அடக்கத்தோடு எல்லை வகுத்தவரும் உளர் என்பதை இங்கு மறத்தல் கூடாது.

கிழக்கே வந்தால், வடவரின் இருக்கு மறையில் பத்தாம் பகுதியிலுள்ள ஒரு பாட்டு, இவ் வுலகம் எங்கிருந்து வந்தது என்பதை மேலிருந்து காப்பவன் அறிவானோ, அவனும் அறியானோ என்று ஐயுற்றே முடிகின்றது. சமணர், உலகம் எவராலும் படைக்கப்படாதது, தொடக்கமும் முடிவும் இல்லாதது என்றனர். புத்தரோ, உலகம் என்றும் உள்ளதா இல்லதா என்ற வினாவுக்கு விடை கூற மறுத்தார். நச்சம்பு தைத்தவன், எய்தவனின் குலமும் பெயரும் தெரியுமுன் அம்பைப் பிடுங்க விடேன் என்றால் என்னாகும் என்று கேட்டார்.

தமிழகத்தில் 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தால் நிலைநாட்டிய சைவக் கொண்முடிபு, 'இல்லாதது தோன்றாது' என்பதைக் கடைக்காலாகக் கொண்டது. குடம் தோன்ற மண்ணும் வேண்டும், தண்டும் திகிரியும் வேண்டும், குயவனும் வேண்டும். அதுபோல மாயை என்னும் முதற்பொருளிலிருந்து, இறைவன் தன் ஆற்றலைத் துணையாகக் கொண்டு, உலகைத் தோற்றுவித்தும் நிறுத்தியும் ஒடுக்கியும் வருகின்றான் என்பது அதன் துணிபு. ஒன்றுமில்லாமையிலிருந்து உலகம் வந்தது என்னும் கிறித்தவக் கொள்கையும் இதுவும் வேறு வேறானவை. எனவே 'சமயம் இப்படிக் கூறுகிறது' என்று ஒருமையிற் பேசுவதே பிழை. சமயங்கள் பல, அவற்றின் விடைகளும் பல.

அசையாப் பேரண்டம் அசைந்தது

இனி அறிவியல் வழி. 1917-இல் ஐன்சுட்டைன் தம் ஈர்ப்புக் கோட்பாட்டைப் பேரண்டம் முழுமைக்கும் பொருத்திப் பார்த்தார். பேரண்டம் அசையாமல் நிற்கின்றது என்றே அந்நாளில் அனைவரும் கருதினர். ஆனால் சமன்பாடுகளோ அது நிலையாய் நில்லாது என்றன. ஆகவே ஐன்சுட்டைன் தம் சமன்பாட்டில் ஓர் எண்ணைக் கூடுதலாகச் சேர்த்துப் பேரண்டத்தை நிறுத்தி வைத்தார். உருசியக் கணக்கறிஞர் அலெக்சாண்டர் பிரீடுமன் 1922-இல், விரிகின்ற அல்லது சுருங்குகின்ற பேரண்டத்துக்கும் அச் சமன்பாடுகள் இடந்தருகின்றன என்று காட்டினார். அவர் 1925-இல் இளமையிலேயே மறைந்தார்.

மறுபுறம் அமெரிக்காவில் வெசுட்டோ சிலைபர் என்பார் 1912 முதல், விண்ணில் மங்கலான முகில்போல் தெரிந்த சுருள்வடிவுகளின் ஒளியைப் பிரித்து ஆய்ந்தார். பெரும்பாலானவற்றின் ஒளி செந்நிறப் பக்கம் பெயர்ந்திருந்தது. ஊதிக்கொண்டே விலகும் தொடர்வண்டியின் ஒலி தாழ்ந்து கேட்பதுபோல, விலகிச் செல்லும் பொருளின் ஒளி செம்மைப் பக்கம் நீளும். அவை விலகி ஓடுகின்றன! பின்னர் எட்வின் அபிள் வில்சன் மலையின் 100 விரற்கடை விட்டமுடைய தொலைநோக்கியால் அவற்றின் தொலைவை அளந்து, அவை நம் பால்வழிக்கு அப்பாற்பட்ட தனித்தனி உடுத்திரள்கள் என நிறுவினார். மிக அண்மைப் பெருந்திரளான அந்திரமேடாவே ஏறத்தாழ 25 நூறாயிரம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது என்பது பிற்கால அளவீடு. 1929-இல் அபிள், தொலைவு மிக மிக விலகு விரைவும் மிகும் என்னும் உறவை வெளியிட்டார்.

எப்பக்கமும் பொங்குகின்ற புளித்த மாவினுள் தூவிய மிளகுகளை எண்ணிப் பாருங்கள். எந்த மிளகின்மேல் நின்று பார்த்தாலும் பிற மிளகுகள் விலகுவதாகவே தோன்றும். தொலைவிலுள்ளது இன்னும் விரைந்து விலகும். மிளகுகள் நடக்கவில்லை, மாவு பொங்குகின்றது. அதுபோலவே உடுத்திரள்களுக்கு இடைப்பட்ட வெளியே விரிகின்றது.

அருட்டந்தை இலெமேத்தர்

அபிளுக்கு இரண்டாண்டு முன்னரே, 1927-இல், இவ் வுறவைச் சமன்பாட்டிலிருந்து வருவித்து, அளவீடுகளோடும் ஒப்பிட்டுக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் கழுத்தில் வெள்ளைப் பட்டையணிந்த கத்தோலிக்க அருட்டந்தை. பெயர் சியார்ச்சு இலெமேத்தர். பெல்சிய நாட்டுச் சார்லெருவா நகரில் 1894-இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையிற் பணிபுரிந்து, போர் முடிந்தபின் கணக்கும் இயற்பியலும் கற்று, 1923-இல் குருத்துவம் பெற்றார். கேம்பிரிட்சில் எட்டிங்டனிடம் பயின்றார், அமெரிக்காவிலும் ஆய்ந்தார், இலூவேன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். உண்மையைச் சென்றடைய இரு வழிகள் உள்ளன என்றும், அவ் விரண்டிலும் செல்லத் தாம் துணிந்ததாகவும் அவர் கூறியதுண்டு.

அவர் தம் கட்டுரையைப் பிரெஞ்சு மொழியில், பிரசல்சு நகரின் அறிவியற் கழக இதழில் வெளியிட்டார். படித்தவர் சிலரே. அவ்வாண்டு பிரசல்சில் அவரைக் கண்ட ஐன்சுட்டைன், கணக்கிற் பிழையில்லை; ஆயினும் அதன் இயற்பியற் பொருளை ஏற்க இயலாது என்று கைவிரித்தார். 1931-இல் எட்டிங்டனின் முயற்சியால் அக் கட்டுரை ஆங்கிலத்தில் வந்தது. அதில், விரிவின் விரைவைக் கணித்த பகுதி விடுபட்டிருந்தது. எவரோ சூழ்ச்சி செய்து நீக்கினர் எனப் பிற்காலத்துப் பலர் ஐயுற்றனர். ஆனால் 2011-இல் வெளிப்பட்ட ஒரு மடல், அப் பகுதியை நீக்கியவர் இலெமேத்தரே என்று காட்டியது. புதிய அளவீடுகள் வந்துவிட்டமையின் தம் பழைய எண்களை மீண்டும் அச்சிடத் தேவையில்லை என்று அவரே விட்டுவிட்டார்! 'நானே முதல்வன்' என்று நிலைநாட்டிக்கொள்ளும் முனைப்பு அவரிடம் இல்லை. 2018-இற்றான் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அவ் விதியை 'அபிள் - இலெமேத்தர் விதி' என வழங்குமாறு பரிந்துரைத்தது.

விரிகின்ற ஒன்றைப் பின்னோக்கிச் செலுத்தினால் அது ஒடுங்கும். 1931-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த சிறு குறிப்பொன்றில், பேரண்டம் முழுமையும் தொடக்கத்தில் ஒற்றை அணுப்போன்ற நிலையிலிருந்து பிளவுண்டு பிளவுண்டு வந்திருக்கலாம் என இலெமேத்தர் எழுதினார். தட்டச்சுப் படியின் இறுதியில், கடவுள் மறைந்திருப்பவர் என்றும், இயற்பியலும் படைப்பை ஒரு திரையால் மறைப்பது நம்புவோர்க்கு மகிழ்ச்சியே தரும் என்றும் கருத்துப்பட ஒரு பத்தி இருந்தது. அச்சுக்கு விடுக்குமுன் அவர் அதன்மேற் கோடிழுத்து அடித்துவிட்டார். அறிவியல் இதழில் அதற்கு இடமில்லை என்பது அவர் தெளிவு. அடித்த அந்த ஒரு கோடு, எழுதிய ஆயிரம் பக்கத்தினும் மேலானது.

பெயர் வைத்த பகைவர்

கேம்பிரிட்சைச் சேர்ந்த பிரெட்டு ஓயில், எர்மன் போண்டி, தாமசு கோல்டு ஆகிய மூவரும் 1948-இல் மாற்றுக் கோட்பாடு ஒன்றை முன்வைத்தனர். பேரண்டம் விரிகின்றது என்பது உண்மை. ஆனால் அதற்குத் தொடக்கம் இல்லை. விரிவால் உண்டாகும் வெற்றிடத்திற் புதுப்பொருள் சிறிது சிறிதாகத் தோன்றிக்கொண்டே இருப்பதால் அது என்றும் ஒரே தன்மையதாய் நிற்கும் என்றனர். இதற்கு வலுவான ஓர் ஏதுவும் இருந்தது. அபிளின் அளவீட்டின்படி பேரண்டத்தின் அகவை ஏறத்தாழ 200 கோடி ஆண்டே. நிலவுலகின் அகவையோ 300 கோடி ஆண்டுக்கும் மேல் என்று பாறைகளின் கதிரியக்க அளவீடுகள் காட்டின. தாயினும் மகள் மூத்தவளாவது எங்ஙனம்?

1949-இல் பிரித்தானிய வானொலியில் உரையாற்றிய ஓயில், தம் எதிர்த்தரப்பாரின் கோட்பாட்டைச் சுட்ட 'பெருவெடிப்பு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை ஆண்டார். எதிரி இட்ட பெயரே நிலைத்துவிட்டது! அப் பெயர் கோட்பாட்டுக்கு நன்மை செய்ததைவிடத் தீமை செய்ததே மிகுதி. வெடி என்றவுடன் வெற்றிடத்தின் நடுவே வைத்த வெடியுருண்டை ஒன்று சிதறுவதாகவே உள்ளம் எண்ணுகின்றது. அப்படி நடுவிடம் ஏதுமில்லை. புறத்தே நின்று காண்பதற்கு வெளியும் இல்லை. வெளியும் காலமும் பொருளும் ஒருங்கே விரிந்த விரிவு அது. தமிழிலும் ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்துப் 'பெருவெடிப்பு' என்கின்றனர். அச் சொல் வேரூன்றிவிட்டதாயினும், ஆசிரியர்கள் அதனைக் கற்பிக்கும்போது 'பெருவிரிவு' என்னும் சொல்லையும் உடன் கூறினால் மாணவர் உள்ளத்திற் பிழையான படம் பதியாது. சொல் தூய தமிழாய் இருந்தால் மட்டும் போதாது. அது பொருளையும் வழுவின்றிக் காட்ட வேண்டும்.

பழம்பேரொளியின் மிச்சம்

இரு கோட்பாடுகளுள் எது மெய்? வாய்ச்சண்டையால் முடியும் வழக்கன்று இது, சான்று வேண்டும். பேரண்டம் தொடக்கத்திற் கடுவெப்பமாய் இருந்திருப்பின், அவ் வெப்பக் கதிரின் மிச்சம் இன்றும் எங்கும் பரந்திருக்க வேண்டும். அதன் வெப்பநிலை தனிச்சுழிக்கு மேல் ஏறத்தாழ 5 பாகை இருக்கலாம் என்று காமாவ் என்பாரின் குழுவைச் சார்ந்த ஆல்பரும் எர்மனும் 1948-இலேயே கணித்தனர். எவரும் பொருட்படுத்தவில்லை.

1964-இல் அமெரிக்காவின் நியூ செர்சிப் பகுதியிலுள்ள ஓம்டெல் என்னுமிடத்தில், ஆர்னோ பென்சியாசு, இராபர்ட்டு வில்சன் ஆகிய இருவரும் கொம்பு வடிவிலமைந்த பெரிய அலைவாங்கியொன்றை இயக்கினர். எத் திக்கில் திருப்பினும், பகலாயினும் இரவாயினும், ஓயாத மெல்லிய இரைச்சலொன்று கேட்டது. கருவிக்குள் கூடுகட்டிய புறாக்களின் எச்சத்தைக் கழுவித் துடைத்தும் பார்த்தனர், இரைச்சல் நீங்கவில்லை. அது கருவியின் குற்றமன்று. பேரண்டத்தின் இளமைக்கால ஒளியே நீண்டு குளிர்ந்து நுண்ணலையாய் வந்து சேர்ந்த குரல்! 1965-இல் அச் செய்தி வெளியாயிற்று. 1978-இல் அவ் விருவர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது. 1966-இல் மறைந்த இலெமேத்தர், இறுதி நாள்களில் நோய்ப்படுக்கையில் இருந்தபோது இச் செய்தியைக் கேட்டறிந்தார்.

1989-இல் ஏவப்பட்ட 'கோபே' செயற்கைக்கோளும், பின்னர் ஏவப்பட்ட 'பிளாங்கு' செயற்கைக்கோளும் அந் நுண்ணலையை மிகத் துல்லியமாய் அளந்தன. அதன் வெப்பநிலை தனிச்சுழிக்கு மேல் 2.725 பாகை. பேரண்டத்தின் அகவை ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு. தொடக்கத்துக்குப் பின் ஏறத்தாழ 3,80,000 ஆண்டு கடந்தபோதுதான் அது குளிர்ந்து, ஒளி தடையின்றிச் செல்லலாயிற்று. முதற் சில நிமையங்களில் உருவான தனிமங்கள் பெரும்பாலும் ஐதரசன் எனப்படும் நீரகமும் ஈலியமுமே. எடைக் கணக்கில் முன்னது ஏறத்தாழ முக்காற் பங்கு, பின்னது காற்பங்கு. குருதியிலுள்ள இரும்பும் மூச்சிலுள்ள உயிர்வளியும் பின்னர் விண்மீன்களின் உள்ளே சமைக்கப்பட்டவை. விண்மீன்களில் தனிமங்கள் சமைக்கப்படுமாற்றை 1957-இல் விளக்கியவருள் ஒருவர், முன்னே கூறிய ஓயிலே. அவரது நிலைப்பேரண்டக் கோட்பாடு வீழ்ந்தது. அவரது தனிமக் கோட்பாடு நின்றது. மாந்தரைப் பார்த்தன்று, சான்றைப் பார்த்துத் தீர்ப்பளிப்பதே அறிவியல்.

பாப்பரசர் உரையும் அருட்டந்தையின் கவலையும்

இனி, இச் சொற்பொழிவின் நடுக்கருத்துக்கு வரலாம். 1951 நவம்பர்த் திங்களில் பாப்பரசர் பன்னிரண்டாம் பயசு, தம் அறிவியற் கழகத்தார் முன் உரையாற்றினார். விரியும் பேரண்டம் பற்றிய புதிய அறிவியல், 'ஒளி உண்டாகுக' என்ற படைப்பின் முதற்கணத்துக்குச் சான்று பகர்வதாக அவர் பெருமகிழ்வோடு கூறினார். உலகெங்கும் பரவிய அச் சமயத்தின் தலைவரே இவ்வாறு கூறியபோது, அக் கோட்பாட்டைத் தந்த அருட்டந்தை பூரித்துப் போயிருக்க வேண்டுமன்றோ? இலெமேத்தர் பூரிக்கவில்லை, கவலையுற்றார். தம் கோட்பாடு ஒரு கருதுகோள். அது சான்றால் நிற்கும், சான்றால் விழும். அதன்மேற் கடவுள் நம்பிக்கையைக் கட்டினால், கோட்பாடு மாறும்போது நம்பிக்கை என்னாவது? மறுதலையாக, சமயத்தின் முத்திரை பதிந்த கோட்பாட்டைச் சமயம் சாராத அறிஞர் ஐயுறாமல் ஆய்வது எங்ஙனம்?

1952 செப்டம்பரில் உரோம் நகரிற் பன்னாட்டு வானியல் ஒன்றியம் கூடவிருந்தது. அதன்முன் இலெமேத்தரும் வத்திக்கான் வானாய்வகத் தலைவரும் முயன்று பாப்பரசர்க்கு எடுத்துரைத்தனர் என்பர். அங்கு வானியலாரிடையே பாப்பரசர் ஆற்றிய உரையில் பழைய கூற்று மீண்டும் இடம்பெறவில்லை. அதே கூட்டத்தில் வால்ட்டர் பாடே என்னும் வானியலார், உடுத்திரள்களின் தொலைவுகள் அதுவரை கருதியதினும் இருமடங்கு என அறிவித்தார். பேரண்டத்தின் அகவையும் ஒரே நாளில் இருமடங்காயிற்று! ஓராண்டுக்கு முன் சொன்ன எண்களின்மேல் நம்பிக்கையைக் கட்டியிருந்தால் அது அன்றே ஆட்டங்கண்டிருக்கும். அருட்டந்தையின் கவலை எத்துணைப் பொருளுடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

1958-இல் இலெமேத்தர் தெளிவாகவே உரைத்தார்: இக் கோட்பாடு சமய வினாக்களுக்கு முற்றிலும் புறம்பானது, கடவுளை மறுப்பார் மறுக்கவும், ஏற்பார் ஏற்கவும் இது இடம்விட்டே நிற்கின்றது. சமயத்தாரின் தலைவர் தம் கோட்பாட்டைப் புகழ்ந்தபோது, 'வேண்டா' என்று சொல்லும் துணிவு எத்துணைப் பேர்க்கு வரும்?

மறுப்பாளரின் அச்சம்

சமயத்தார் மட்டுமே இப் பிழை செய்தனர் எனல் முறையன்று. 1947-இல் சோவியத்து ஒன்றியத் தலைவருள் ஒருவரான அந்திரேய் சிதானோவ், இலெமேத்தர் போன்றாரின் கோட்பாடு சமயத்துக்கு வழிதிறப்பது எனப் பழித்தார். அந் நாட்டு வானியலார் பல்லாண்டு இத் துறையில் வாய்திறக்க அஞ்சினர். விரியும் பேரண்டத்தை முதலிற் கணித்த பிரீடுமன் பிறந்த மண்ணிலேயே இந் நிலை! ஓயிலும் தொடக்கம் என்னும் எண்ணத்திற் சமயச் சாயல் உண்டென்று அதனை வெறுத்தார். ஆனால் அவர் தம் கோட்பாட்டை ஆய்வுக் களத்தில் வைத்து வாதிட்டார். சிதானோவோ ஆட்சியின் கையால் வாயை அடைத்தார். இவ் விரண்டனுள் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. சமயக் கோலாயினும் ஆட்சிக் கோலாயினும், அறிவைக் கோலால் அளப்பவர் தோற்பர்.

தமிழர் கொள்ளவேண்டிய பாடம்

தமிழ்ப் பெருமக்களே! இலெமேத்தர் கதை பெல்சியத்தில் நிகழ்ந்தது. ஆயினும் அதன் பாடம் தமிழ் மேடைக்கும் உரியது.

பரிபாடலின் இரண்டாம் பாட்டில் கீரந்தையார் என்னும் புலவர், விசும்பு, வளி, தீ, நீர், நிலம் என்னும் முறையில் ஒன்றன்பின் ஒன்றாக உலகு தோன்றியதைப் பாடுகின்றார். எண்ணவியலாக் கால அளவுகளையும் பெயர் சுட்டிக் கூறுகின்றார். தொல்காப்பியமும் ஐம்பூதங்களின் கலப்பே உலகம் என்கின்றது. மாணிக்கவாசகரின் திருவண்டப் பகுதி எண்ணிறந்த அண்டங்களை விரித்துரைக்கின்றது. இவற்றைப் படித்த சிலர், 'பெருவெடிப்பைத் தமிழன் அன்றே கண்டான்' என்று எழுதுகின்றனர். கேட்பதற்கு இனிமையே, ஆனால் மெய்யன்று. அறிவியற்படி, உயிர்வளி விண்மீன்களிற் சமைந்த பின்னரே நீர் உண்டாக முடியும். நிலத்தின் பாறைப் பொருள்களும் அவ்வாறே விண்மீனிலிருந்து வந்தவை. பாட்டின் முறை வேறு. விண்ணின் முறை வேறு. மேலும் அதே ஐம்பூத வரிசை வடமொழித் தைத்திரீய உபநிடதத்திலும் உள்ளது. பாட்டு கூறுவது அறிவியல் என்று தமிழர் சொன்னால், அதே மூச்சில் வடவரும் தம் நூலைச் சொல்வர். பிறரும் தத்தம் மறையைச் சொல்வர். எல்லாரும் வென்றதாக முழங்கும் இடத்தில் உண்மை மட்டுமே தோற்கும்.

அப்படியாயின் பண்டைத் தமிழர்க்குப் பெருமை இல்லையா? உண்டு, மிகவுண்டு. அஃது எதிலுள்ளது என்பதைச் சரியாகக் காணவேண்டும். புறநானூற்று 30-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் செலவையும் காற்றின் இயக்கத்தையும் தாங்குவதின்றி நிற்கும் வெளியையும், நேரிற் சென்று அளந்து வந்தவர்போல் எடுத்துரைப்பார் தம் காலத்தில் இருந்தனர் என்று குறிக்கின்றார். விண்ணை 'அளத்தல்' என்னும் எண்ணம் ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே தமிழ் மண்ணில் இருந்தது என்பதற்கு அது சான்று. மணிமேகலையின் 27-ஆம் காதையைப் பாருங்கள். வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று கேட்கின்றாள். இறைவனே உலகின் முதல் என்பாரையும் கேட்கின்றாள். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என ஐவகை அணுக்களாற் பொருள்கள் அமைந்தன என்னும் ஆசீவகரையும் கேட்கின்றாள். பூவும் கட்டியும் சேர்ந்தவிடத்துக் கள்ளின் களிப்புத் தோன்றுவதுபோலப் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு தோன்றும் என்னும் பூதவாதியையும் கேட்கின்றாள். எவர் வாயும் அடைக்கப்படவில்லை. பௌத்தக் காப்பியம் ஒன்று மாற்றார் கொள்கைகளை இவ்வாறு வரிசைப்படுத்தி வைத்தது. அதுவே பெருமை! விடை சரியாய் இருந்தது என்பதில் அன்று. வினாவுக்கு இடம் இருந்தது என்பதில்தான் பெருமை.

பண்டைப் புலவன் தோளில் தொலைநோக்கியைச் சுமத்துவது அவனைப் போற்றுவதாகாது. பென்சியாசும் வில்சனும் குளிரிலும் வெயிலிலும் ஓராண்டு உழைத்துக் கண்டதை, உழைக்காமலே 'எம் முன்னோர் சொத்து' என்று எழுதிக்கொள்வது பிறர் விளைத்த நெல்லைத் தன் குதிரில் கொட்டிக்கொள்வது போன்றது. தன்மானம் உடைய இனம் அதனைச் செய்யலாகாது.

அறிவியலுக்கும் எல்லை உண்டு

அறிவியலும் தன் எல்லையை ஒளிப்பதில்லை. காலத்தைப் பின்னோக்கிச் செலுத்தி, நொடியின் மிக மிக நுண்ணிய கூறு ஒன்றை நெருங்கும்போது, ஐன்சுட்டைனின் ஈர்ப்புக் கோட்பாடும் அணுவுலகின் குவாண்டக் கோட்பாடும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்றுவிடுகின்றன. அக் கதவுக்கு அப்பால் என்ன என்பது இன்னும் விளங்கவில்லை. இயல்பான பொருள் பேரண்டத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து கூறே. எஞ்சியவை கரும்பொருள் என்றும் கருவாற்றல் என்றும் பெயரிடப்பட்டு, இன்னவை என்று தெளியப்படாமல் உள்ளன. பேரண்ட விரிவு விரைவு பெற்று வருவது 1998-இற்றான் தெரியவந்தது. தெரியாததைத் தெரியாது என்று பெயர் சூட்டி எழுதிவைக்கும் துறை அது.

'எப்படித் தோன்றிற்று?' என்பது அறிவியலின் வினா. 'எதற்காக? இதனுள் மாந்தன் எவ்வாறு வாழவேண்டும்?' என்பன மெய்யியலும் சமயமும் அறநூலும் எடுத்துக்கொள்ளும் வினாக்கள். கடவுளை ஏற்பவர்க்கும் மறுப்பவர்க்கும் 2.725 பாகை ஒன்றே. அளவீட்டுக்குச் சமயமும் இல்லை, குலமும் இல்லை, நாடும் இல்லை. ஆனால் அதனைக் கற்றுக்கொள்ளும் உள்ளத்துக்கு மொழி உண்டு. ஆதலாற்றான் இவையெல்லாம் தமிழிற் சொல்லப்பட வேண்டும். சிற்றூர்ப் பள்ளியிற் பயிலும் பிள்ளைக்கும் விளங்கும் தமிழில், பிழையற்ற தமிழில் சொல்லப்பட வேண்டும்.

களத்துமேட்டுச் சிறுவன் இன்னும் விழித்திருக்கின்றான். அவன் தந்தை இனி இவ்வாறு கூறட்டும்: "மகனே, இவ் விண்ணும் மீனும் ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுக்கு முன் மிகச் செறிந்த, மிக வெம்மையான நிலையிலிருந்து விரியத் தொடங்கின. அதற்குச் சான்றுகள் உள்ளன, ஒவ்வொன்றாய்ச் சொல்கின்றேன். அதற்கும் முன் என்ன என்பது எவர்க்கும் இன்னும் தெரியாது. கடவுள் என்பாரும் உளர். இல்லை என்பாரும் உளர். இரு சாராரையும் கேள். பிறகு நீயே எண்ணு. நீயே அள."

இவ் விடையைக் கேட்ட பிள்ளை தூங்கமாட்டான். அவனை விழிக்க வைப்பதே தமிழர்க்கு இன்று வேண்டிய தொண்டு.